பிட்டர்ஸ்: விஸ்கி காக்டெயிலில் அந்த இரண்டு டேஷ் என்ன வேலை செய்கிறது?

விஸ்கி காக்டெயிலில் டேஷ் கணக்கில், அதாவது பாட்டிலை ஒருமுறை உதறினால் விழும் அளவில், சேர்க்கும் கசப்புச் சாறுதான் பிட்டர்ஸ். காக்டெயில் பற்றிப் பேசுபவர்கள் பிட்டர்ஸ் என்று வந்ததும் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். கசப்பு ஏற்றுவதற்கு என்பார் ஒருவர். நிறத்துக்காக என்பார் இன்னொருவர். அது இல்லாமலும் செய்யலாம், வெறும் சம்பிரதாயம் என்பவர்களும் உண்டு. அடிக்கடி காதில் விழுவது "காக்டெயிலுக்கு உப்பு மாதிரி" என்ற விளக்கம்தான். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதை நம்பிப் போனால் வழி தவறும். உப்பு கசப்பை அடக்கும். பிட்டர்ஸோ கசப்பைக் கொண்டுவரும். நாக்கில் இரண்டும் செய்யும் வேலை நேர் எதிர்.

பிட்டர்ஸ் என்ன செய்கிறது என்பது ஒருமுறை பிடிபட்டுவிட்டால், எந்தக் காக்டெயிலுக்கு எது, எவ்வளவு என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கிளாஸில் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

கசப்பான வேர், பட்டைகளோடு மசாலாப் பொருட்கள், பழத்தோல், மூலிகைகள் சேர்த்துக் கடுமையான ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த செறிவான சாறுதான் பிட்டர்ஸ். கசப்புக்குப் பெரும்பாலும் ஜென்ஷியன் வேர். ஐரோப்பிய மலைகளில் மஞ்சள் பூ பூக்கும் ஒரு செடியின் வேர் அது. அதிலுள்ள அமரோஜென்டின் என்ற பொருள், ஒரு பங்கை ஒரு கோடிப் பங்கு தண்ணீரில் கரைத்தாலும் கசப்பு தெரியும் அளவுக்கு வலுவானது. சில தயாரிப்புகளில் க்வினைன் கிடைக்கும் சின்கோனா மரப்பட்டையும் சேரும்.

ஆல்கஹாலில் ஏன் ஊறவைக்கிறார்கள்? கிராம்பு, ஏலக்காய், ஆரஞ்சுத் தோல் போன்றவற்றின் வாசனை எண்ணெய்கள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். வேரின் கசப்பையும் மசாலாவின் மணத்தையும் ஒரே திரவத்தில் பிடித்து வைக்க ஆல்கஹால்தான் வசதி. அது கெட்டுப்போகாமலும் காக்கும். எல்லாருக்கும் தெரிந்த பிட்டர்ஸான அங்கோஸ்டுராவின் பாட்டிலில் ஆல்கஹால் 44.7 சதவீதம். அதாவது பல விஸ்கிகளை விடக் கடுமை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். காம்பாரி, ஃபெர்னெட் போன்றவையும் கசப்பு மதுக்களே, ஆனால் அவை ஊற்றிக் குடிப்பதற்காகச் செய்தவை. இனிப்பும் சேர்ந்திருக்கும். 30 மில்லி ஊற்றினாலும் குடிக்கலாம். இந்தக் கட்டுரையில் நான் சொல்வது டேஷ் கணக்கில் சேர்க்கும் செறிவான வகையை மட்டும். செய்முறையில் "பிட்டர்ஸ் 2 டேஷ்" என்று இருந்தால் அதற்குப் பதில் காம்பாரி இரண்டு டேஷ் விட்டு ஒரு பயனும் இல்லை.

இது பின்னால் வந்து சேர்ந்த அலங்காரமும் அல்ல. 1806 மே மாதம், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளிவந்த ஒரு பத்திரிகை, காக்டெயில் என்றால் என்ன என்று கேட்ட வாசகருக்குப் பதில் சொன்னது: ஏதாவது ஒரு வடிமது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். இந்த நான்கும்தான். மற்ற மூன்றும் சேர்ந்த பானம் அதற்கு முன்பே இருந்தது, அதன் பெயர் ஸ்லிங். பிட்டர்ஸ் சேர்ந்த பிறகுதான் அது காக்டெயில்.

சர்க்கரை போட்ட காபி

கறுப்புக் காபியில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடிப்பவர்கள் பலர். அதே அளவு தண்ணீரில் அதே இரண்டு கரண்டியைக் கரைத்துக் குடித்துப் பாருங்கள். திகட்டும். சர்க்கரை ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். காபியில் மட்டும் அது ஏன் உறுத்தவில்லை? காபியின் கசப்பு இனிப்பைத் தணிக்கிறது. இனிப்பும் பதிலுக்குக் கசப்பைத் தணிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிக்கொள்வதால் காபியின் மற்ற சுவைகள் வெளியே தெரிகின்றன.

விஸ்கியிலும் நடப்பது இதுவே. போர்பன் என்பது குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் கொண்ட தானியக் கலவையிலிருந்து வடித்து, உள்ளே கருக்கப்பட்ட புதிய ஓக் பீப்பாயில் வைத்த அமெரிக்க விஸ்கி. அந்த ஓக் மரம் வெனிலாவின் மணத்தைத் தருகிறது. நாக்குக்கு அது இனிப்பாகவே படும். அதில் சர்க்கரையும் சேர்த்தால் முதல் மடக்கு நன்றாக இருக்கும், மூன்றாவது மடக்கில் சலிப்பு தட்டும். இரண்டு டேஷ் பிட்டர்ஸ் விழுந்ததும் அந்த இனிப்பின் முனை மழுங்குகிறது. குடிப்பவருக்குக் கசப்பு தெரிவதில்லை, திகட்டல் போனதுதான் தெரியும். சரியான அளவில் போட்ட பிட்டர்ஸை "கசக்கிறது" என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அங்கோஸ்டுராவைத் துணைப்பொருளாக இல்லாமல் முதன்மைப் பொருளாகவே ஊற்றும் ட்ரினிடாட் சவர் என்றொரு காக்டெயில் இருக்கிறது. வழக்கமான செய்முறையில் சுமார் 45 மில்லி. நம்ப முடியாத அளவு அது. ஆனால் கூடவே நிறைய பாதாம் சிரப்பும் எலுமிச்சைச் சாறும் இருப்பதால் குடிக்க இதமாகவே இருக்கும். கசப்பும் இனிப்பும் ஒன்றையொன்று எவ்வளவு தூரம் அமுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்காது. கசப்பை உணர்வதற்கென்றே மனிதர்களிடம் சுமார் 25 வகை ஏற்பிகள், அதாவது குறிப்பிட்ட பொருள் பட்டதும் மூளைக்குச் செய்தி அனுப்பும் புரதங்கள், இருக்கின்றன. இவை பரம்பரையைப் பொறுத்து ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபடும். உங்களுக்குச் சரியாக இருக்கும் அளவு பக்கத்தில் இருப்பவருக்கு அதிகமாகப் படலாம். அவர் தவறாகச் சொல்லவில்லை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: பிட்டர்ஸின் முதல் வேலை இனிப்பைத் தணிப்பது. ஆகவே கிளாஸில் எவ்வளவு இனிப்பு இருக்கிறது என்பதுதான் அளவை முடிவு செய்கிறது.

மூக்கு செய்யும் பாதி வேலை

இரண்டாவது வேலை மணம். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் மணம். விழுங்கும்போது வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் ஆவிதான் அது. பிட்டர்ஸில் செறிந்திருக்கும் கிராம்பு, பட்டை, சோம்பு, ஆரஞ்சுத் தோல் மணங்கள் இந்த வழியாகத்தான் நம்மை எட்டுகின்றன.

விஸ்கிக்கும் பிட்டர்ஸுக்கும் இங்கே ஓர் அழகான உறவு இருக்கிறது. கிராம்புக்கு அதன் மணத்தைத் தருவது யூஜினால் என்ற பொருள். ஓக் பீப்பாயில் கிடந்த விஸ்கியிலும் அதே யூஜினால் சிறிதளவு இறங்கியிருக்கும். மசாலா மணமுள்ள பிட்டர்ஸ் சேர்ந்ததும் விஸ்கிக்குள் மங்கலாக இருந்த அந்த மணம் தூக்கலாகத் தெரிகிறது. "பிட்டர்ஸ் விஸ்கியை இன்னும் விஸ்கியாக ஆக்குகிறது" என்று பார்மேன்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதே இரண்டு டேஷை மரப் பீப்பாயைப் பார்க்காத வோட்காவில் போட்டால் இந்த ஒட்டுறவு கிடைக்காது.

ஆக, பிட்டர்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கிளாஸில் ஏற்கெனவே இருக்கும் எந்த மணத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும், அல்லது அங்கே இல்லாத எதைக் கொண்டுவர வேண்டும்?

மூன்று வகை போதும்

கடையில் சாக்லேட், வால்நட், லாவெண்டர், செலரி என்று வரிசையாக இருக்கும். தொடங்குபவருக்கு அவை எதுவும் வேண்டாம். பழைய விஸ்கி காக்டெயில்கள் அநேகமாக எல்லாமே மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

முதலாவது நறுமணப் பிட்டர்ஸ். அடர் பழுப்பு நிறம், கிராம்பு–பட்டை வாசனை, நல்ல கசப்பு. இதன் அடையாளமே அங்கோஸ்டுரா. யோஹான் சீகர்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர், தென் அமெரிக்க விடுதலைப் போரில் சிமோன் பொலிவாரின் படையில் பணியாற்றியவர். வெனிசுவேலாவின் அங்கோஸ்டுரா நகரில் 1824இல் இதை உருவாக்கினார். வயிற்றுக் கோளாறுக்கான மருந்தாகத்தான் அது பிறந்தது. அந்த நகரத்தின் இன்றைய பெயர் சியுடாட் பொலிவார். 1875இல் தொழில் ட்ரினிடாட் தீவுக்கு இடம் மாறியது, இன்றும் அங்கேதான் நடக்கிறது. அங்கோஸ்டுரா என்ற பெயரில் ஒரு மரப்பட்டையும் உண்டு என்பதால், அந்தப் பட்டையிலிருந்து செய்வது என்று நிறையப் பேர் எழுதிவிடுகிறார்கள். இல்லை. பெயர் நகரத்தினுடையது, அந்தப் பட்டை இதில் சேர்வதில்லை.

இரண்டாவது பேஷோ. சிவப்பு நிறம், சோம்பு மணம் முன்னால் நிற்கும், அங்கோஸ்டுராவை விடக் கசப்பு குறைவு, மென்மை அதிகம். நியூ ஆர்லியன்ஸில் மருந்துக்கடை நடத்திய அந்துவான் அமெதே பேஷோ என்பவர் 1830களில் விற்கத் தொடங்கியது. காக்டெயிலையே கண்டுபிடித்தவர் இவர்தான் என்ற கதை இன்னும் உலவுகிறது. மேலே சொன்ன 1806 பத்திரிகைக் குறிப்பு வெளிவந்தபோது அவர் சிறு குழந்தை. கதையை விட்டுவிடலாம், பிட்டர்ஸ் மட்டும் அவசியம் வேண்டும்.

மூன்றாவது ஆரஞ்சு பிட்டர்ஸ். கசப்பு ஆரஞ்சின் உலர்ந்த தோல்தான் இதன் ஆதாரம், பலவற்றில் ஏலக்காயும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்களில் தவறாமல் இருந்த பொருள் இது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு பிட்டர்ஸ் நிறுவனங்கள் பலவற்றை அழித்தது. அதன் பிறகு ஆரஞ்சு பிட்டர்ஸ் கிடைப்பதே அரிதாகிவிட்டது. பார்மேனும் எழுத்தாளருமான கேரி ரீகன் 2000களின் நடுவில் தன் பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தார். அந்தப் பத்தாண்டில்தான் ஆரஞ்சு பிட்டர்ஸ் பார்களுக்குத் திரும்பியது.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. அங்கோஸ்டுரா தீர்ந்துவிட்டது என்று பேஷோவைப் போட்டால் பானம் கெடாது, ஆனால் அது வேறு பானம்.

எந்த விஸ்கி காக்டெயிலுக்கு எது, ஏன்

ஓல்டு ஃபேஷன்டை எடுத்துக்கொள்வோம். 60 மில்லி போர்பன் அல்லது ரை விஸ்கி, ஒரு சர்க்கரைக் கட்டி, கொஞ்சம் தண்ணீர், பிட்டர்ஸ் 2 முதல் 3 டேஷ். இதில் கசப்புக்கு வேறு ஆதாரமே கிடையாது. இனிப்பை எதிர்த்து நிற்பது பிட்டர்ஸ் மட்டும்தான் என்பதால் கசப்பு நன்றாக உள்ள அங்கோஸ்டுராதான் இங்கே பொருத்தம். ஆரஞ்சு பிட்டர்ஸை மட்டும் போட்டுச் செய்தால் மணம் பிரமாதமாக இருக்கும், ஆனால் பானம் சற்றுத் தளர்ந்துவிடும். 2 டேஷ் அங்கோஸ்டுராவோடு 1 டேஷ் ஆரஞ்சு சேர்ப்பது எனக்குப் பிடித்த வழி. மேலே பிழியும் ஆரஞ்சுத் தோலின் எண்ணெயோடு அது நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

மன்ஹாட்டனில் நிலைமை வேறு. 60 மில்லி ரை, 30 மில்லி இனிப்பு வெர்மூத், 2 டேஷ் அங்கோஸ்டுரா. ரை என்பது குறைந்தது 51 சதவீதம் ரை தானியம் கொண்ட அமெரிக்க விஸ்கி, மிளகு போன்ற காரசாரமான வாசனை உடையது. வெர்மூத் என்பது மூலிகைகள் ஊறிய, ஆல்கஹால் கூட்டிய ஒயின். அதில் இனிப்பும் இருக்கிறது, கொஞ்சம் கசப்பும் இருக்கிறது. அதனால் பிட்டர்ஸின் முக்கிய வேலை இங்கே மணத்தில்தான். தானிய மது ஒரு பக்கம், திராட்சை மது ஒரு பக்கம் என்று இரண்டும் தனித்தனியாகத் தெரியாமல், இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் மசாலா மணத்தைக் கூட்டி ஒன்றாக்குகிறது. பிட்டர்ஸ் போடாத மன்ஹாட்டனைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். விஸ்கி தனியாகவும் வெர்மூத் தனியாகவும் வாயில் நிற்கும்.

ரைக்குப் பதில் ஸ்காட்ச் விஸ்கி என்றால் மன்ஹாட்டன், ராப் ராய் ஆகிவிடும். புகை மணம் இல்லாத ஸ்காட்ச்சுக்கு அங்கோஸ்டுராவும் சரி, ஆரஞ்சும் சரி. புகை மணம் தூக்கலாக உள்ளதற்கு கிராம்பு மணத்தைக் குறைத்து ஆரஞ்சு பக்கம் போவது நல்லது என்பது என் கருத்து. புகையும் கிராம்பும் இரண்டுமே ஆளை அமுக்கும் மணங்கள்.

சாஸெராக் பேஷோவுக்காகவே இருக்கும் பானம். லூசியானா மாநிலச் சட்டமன்றம் இதை நியூ ஆர்லியன்ஸின் அதிகாரபூர்வக் காக்டெயிலாக 2008இல் அறிவித்தது. ஆரம்பத்தில் காக்னாக் என்ற பிரெஞ்சு திராட்சை பிராந்தியில் செய்ததாகச் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை நாசமாக்க, காக்னாக் தட்டுப்பாடானது, ரை விஸ்கி உள்ளே வந்தது. கிளாஸின் உட்புறத்தை அப்சிந்த் என்ற மூலிகை மது கொண்டு நனைத்து வடித்துவிடுவது இதன் வழக்கம். அப்சிந்தில் சோம்பு, பேஷோவிலும் சோம்பு. ஒரே மணம் ஒன்று கிளாஸின் ஓரத்திலும் இன்னொன்று திரவத்துக்குள்ளும் இருப்பதால் முகரும்போது தொடங்கியது விழுங்கும்வரை தொடர்கிறது. அங்கோஸ்டுராவை மட்டும் போட்டால் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். 3 டேஷ் பேஷோவோடு ஒரே ஒரு டேஷ் அங்கோஸ்டுரா சேர்ப்பவர்கள் உண்டு, அதில் தவறில்லை.

விஸ்கி சவரில் எலுமிச்சைப் புளிப்பே இனிப்பைப் பார்த்துக்கொள்ளும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்தால் மட்டும் நுரையின் மேல் சில சொட்டு அங்கோஸ்டுரா விடுங்கள். முட்டை வாடை மறையும்.

ஒரு டேஷ் என்றால் எவ்வளவு?

அதிகக் காக்டெயில்கள் சொதப்புவது இங்கேதான் என்பேன். டேஷ் என்பது சொட்டு அல்ல. அங்கோஸ்டுரா போன்ற பாட்டிலின் வாயில் சிறு துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும். பாட்டிலைக் கவிழ்த்து வெடுக்கென்று ஒரு உதறு உதறும்போது வந்து விழுவதுதான் ஒரு டேஷ். ஏறக்குறைய 0.8 முதல் 1 மில்லி. ஒரு சொட்டு என்பதோ சுமார் 0.05 மில்லிதான். "2 டேஷ்" என்று படித்துவிட்டு இரண்டு சொட்டு விடுபவர், தேவையான அளவில் பதினாறில் ஒரு பங்கைத்தான் போடுகிறார். பிறகு "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை" என்கிறார். தெரியாதுதான்.

இந்தச் சிக்கல் இப்போது கூடியிருக்கிறது, ஏனென்றால் சிறிய நிறுவனங்களின் பிட்டர்ஸ் பலவும் சொட்டுக்குழாய் மூடியோடு வருகின்றன. அந்தக் குழாயின் ரப்பரை ஒருமுறை முழுசாக அமுக்கினால் வருவது ஏறக்குறைய ஒரு டேஷ் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டிலுக்குப் பாட்டில் துளையின் அளவு வேறு. ஒரே பாட்டிலிலும் நிரம்பி இருக்கும்போது வரும் டேஷும் பாதி காலியான பின் வருவதும் ஒன்றல்ல.

தீர்வு சுலபம். புதிதாக ஒரு பாட்டில் வாங்கியதும் 5 மில்லி பிடிக்கும் தேக்கரண்டியில் டேஷ் டேஷாக விட்டு, எத்தனையில் நிரம்புகிறது என்று பாருங்கள். ஐந்து அல்லது ஆறில் நிரம்பினால் செய்முறைகளில் உள்ள எண்ணிக்கையை அப்படியே பின்பற்றலாம். பத்து ஆகிறது என்றால் உங்கள் பாட்டிலின் டேஷ் சின்னது, செய்முறையில் உள்ளதை இரட்டிப்பாக்குங்கள். அளந்த பிட்டர்ஸை வீணாக்காமல் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றிவிடலாம்.

போடுவதும் ருசி பார்ப்பதும்

சர்க்கரைக் கட்டி பயன்படுத்தினால் பிட்டர்ஸை நேராகக் கட்டியின் மேல் விட்டு, சில சொட்டுத் தண்ணீரோடு நசுக்குங்கள். சர்க்கரை ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும், அதனால் விஸ்கி கடைசியில். சிரப் என்றால் வரிசை முக்கியமில்லை. ஆனாலும் பிட்டர்ஸை முதலில் போடும் பழக்கம் நல்லது. கை தவறி அதிகமாகிவிட்டால் விலை கூடிய விஸ்கியைக் கீழே ஊற்ற வேண்டியிருக்காது.

ருசி பார்ப்பது ஐஸோடு கலக்கிய பிறகுதான். குளிர்ச்சியில் இனிப்பும் மணமும் மங்கும், ஐஸ் உருகிய தண்ணீரும் சேரும். ஐஸ் இல்லாமல் சரியாக இருந்தது ஐஸோடு மாறிவிடும். இன்னொன்று, கசப்பு மற்ற சுவைகளை விட மெதுவாக ஏறி, நேரம் கழித்துத்தான் இறங்கும். விழுங்கிய உடனே முடிவு செய்யாமல் சில நொடி காத்திருங்கள். அப்புறம் இன்னொரு டேஷ் வேண்டுமா என்று யோசிக்கலாம்.

அதிகமாகிவிட்டால்? கொஞ்சம் விஸ்கியும் கொஞ்சம் இனிப்பும் கூட்டுவது ஒரு வழி. மிகச் சிறிய சிட்டிகை உப்பு இன்னொரு வழி. உப்பு கசப்பை அடக்கும் என்று முதலில் சொன்னது இங்கே கைகொடுக்கும்.

இதையெல்லாம் படிப்பதை விட நாக்கில் தெரிந்துகொள்வதே மேல். ஒரே அளவில் இரண்டு சின்ன ஓல்டு ஃபேஷன்டு செய்யுங்கள். ஒன்றில் பிட்டர்ஸ் வேண்டாம், மற்றதில் போடுங்கள். பிட்டர்ஸ் இல்லாததை முதலில் குடியுங்கள். கசப்பு நாக்கில் தங்கும் என்பதால் மாற்றிக் குடித்தால் ஒப்பீடு பாழாகிவிடும்.

வாங்குவது, வைத்திருப்பது

முதல் பாட்டில் அங்கோஸ்டுரா. இரண்டாவது ஆரஞ்சு. சாஸெராக் பிடிக்கும் என்றால் பேஷோ. இந்த வரிசையில் வாங்கினால் பணம் வீணாகாது. ஆரஞ்சு பிட்டர்ஸ் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். சில தயாரிப்புகளில் ஆல்கஹாலுக்குப் பதில் கிளிசரின்தான் பெரும்பகுதி. அவை இனிப்பாக, மென்மையாக இருக்கும், இனிப்பைத் தணிக்கும் வேலையைச் சரியாகச் செய்யாது.

குளிர்பெட்டி தேவையில்லை. மூடியை இறுக்கி வெயில் படாத இடத்தில் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். ஆரஞ்சு பிட்டர்ஸின் மேல்மணம் மட்டும் நாளாக நாளாக மங்கும், ஆகவே அதைச் சின்ன பாட்டிலாக வாங்குங்கள்.

சோடாவில் இரண்டு டேஷ் பிட்டர்ஸ் விட்டால் "ஆல்கஹால் இல்லாத பானம்" என்று சிலர் கொடுப்பார்கள். 200 மில்லி சோடாவில் 2 மில்லி அங்கோஸ்டுரா சேர்ந்தால் அதில் ஏறக்குறைய 0.9 மில்லி ஆல்கஹால், அதாவது அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. போதை ஏறாது, ஆனால் பூஜ்யமும் அல்ல. மருந்து, கர்ப்பம், நம்பிக்கை, குடியிலிருந்து மீண்டு வருவது என எந்தக் காரணத்துக்காகவும் ஆல்கஹாலை முழுதாக ஒதுக்கியவருக்கு அதைக் கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.